நான்கு நாள் கவுன்சில், ஒரு நாள் பல்கலைக்கழகம்: பகுதிநேர நகரத் திட்டமிடல் முதுகலை பற்றி என் மதிப்பீடு

இங்கிலாந்தில் நகரத் திட்டமிடலாளராக வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஒரு வருடம் முழுநேரமாக முதுகலை படித்துவிட்டு வேலை தேடலாம். அல்லது உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிலோ ஓர் ஆலோசனை நிறுவனத்திலோ பயிற்சியாளராகச் சேர்ந்து, நான்கு நாள் வேலையும் ஒரு நாள் வகுப்புமாக இரண்டு வருடம் படிக்கலாம். நான் இரண்டாவது வழியில் வந்தவள். 2024 இலையுதிர் காலத்தில் தொடங்கினேன். வெளி லண்டன் கவுன்சில் ஒன்றில் வேலை. வகுப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன, ஆய்வுக்கட்டுரை மட்டும் மிச்சம்.

இந்தப் படிப்பைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு மருத்துவம், கணக்கியல், ஐடி என்று தேடுகிற எங்கள் பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும், பின்வளவில் ஓர் அறை போட விடாமல் மறிக்கிற ஆட்கள் என்றுதான் எங்களைத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநெறியை மட்டும் தனியே எடுத்தால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வேலையோடு சேர்த்து எடுத்தால் நாலரை. ஆனால் அந்த நாலரைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: உங்கள் படிப்புக்கான நாளை வேலை தருபவர் உண்மையிலேயே உங்களுக்கு விட்டுத்தர வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டுக்கு மேல் போகாது.

பாடநெறியில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டப் பாடம். எடுத்தவர் பல வருடம் மேன்முறையீட்டு விசாரணைகளில் வேலை செய்தவர். முதல் வகுப்பிலேயே 2004-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவை எங்களுக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார். உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்துக்கு இணங்கவே ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முடிவு செய்ய வேண்டும், அதற்கு மாறாக முடிவெடுக்கத் தக்க வேறு காரணங்கள் இருந்தால் ஒழிய. ஒரே வசனம்தான். இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் போடும் கண்ணாடி அறையிலிருந்து ஆயிரம் வீட்டுத் திட்டம் வரைக்கும் எல்லா முடிவும் அந்த வசனத்தில்தான் நிற்கிறது. "தக்க வேறு காரணம்" என்றால் எது, எது இல்லை என்பதில்தான் எங்கள் தொழிலின் பாதி இருக்கிறது.

வகுப்பில் அது ஒரு ஸ்லைடு. தனிமை போவது, வெளிச்சம் குறைவது, போக்குவரத்து, சத்தம் எல்லாம் கணக்கில் வரும். பக்கத்து வீட்டின் விலை குறைவது, தனிப்பட்ட ஒருவரின் ஜன்னல் காட்சி போவது, கட்டும் மாதங்களில் வரும் இடைஞ்சல் எல்லாம் கணக்கில் வராது. குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் அலுவலகத்தில் என் கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. தனியே வசிக்கும் வயதான அம்மா ஒருவர் கையால் எழுதியது, இரண்டு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடிக்குப் பின்பக்கம் நீட்டிக் கட்டப்போகிறார். கணவர் வைத்த ஆப்பிள் மரம் இனிச் சமையலறையிலிருந்து தெரியாது, வீட்டின் மதிப்பு போய்விடும், காலையில் அந்த மேசையில் வெயில் விழுகிற நேரத்தில்தான் தான் பேப்பர் வாசிப்பது என்றெல்லாம் எழுதியிருந்தார்.

மரம் தெரியாமல் போவதை என்னால் எடைபோட முடியாது. வீட்டு விலையையும் முடியாது. வெயிலை முடியும். அவர் வீட்டுக்குப் போய், அந்த மேசையருகே நின்று படம் எடுத்து, சமையலறை ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு போட்டுப் பார்த்தேன். புதிய கட்டடம் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளிச்சம் குறையும் என்று கொள்ளும் இந்த 45 பாகைச் சோதனை பல கவுன்சில்களின் வழிகாட்டிகளில் இருக்கிறது. கோட்டைக் கட்டடம் தாண்டியது. மேல்மாடியைப் பின்னுக்கு இழுத்துத் திருத்திய வரைபடம் வந்த பிறகுதான் அனுமதிக்கப் பரிந்துரைத்தேன். அறிக்கையில் அவர் எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பந்தி எழுதினேன், கணக்கில் வராதவற்றுக்கும் சேர்த்து, ஏன் வராது என்று. முழுநேரமாகப் படித்த நண்பர்களுக்கும் அதே ஸ்லைடுதான் கிடைத்தது. அந்த மேசை கிடைக்கவில்லை.

இப்படித்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. வகுப்பில் கேட்டது ஒரு கிழமைக்குள் கோப்பாக வந்து நிற்கும். கோப்பில் விளங்காதது அடுத்த வகுப்பில் கேள்வியாகும். முதல் தவணையில் எங்களுக்கு வகுப்பு வியாழக்கிழமை. 2024 டிசம்பர் 12-ஆம் தேதியும் வியாழன். அன்றுதான் அரசாங்கம் தேசியத் திட்டமிடல் கொள்கை ஆவணத்தின் புதிய பதிப்பை வெளியிட்டது. ஐந்து வருடத்தில் 15 லட்சம் வீடுகள் என்ற அரசாங்கத்தின் இலக்கை எட்டுவதற்காகக் கவுன்சில்களுக்குக் கட்டாய வீட்டு எண்ணிக்கை, "கிரே பெல்ட்" என்ற புதிய வகை எல்லாம் அதில் வந்தன. விரிவுரையாளர் தயாரித்து வந்த ஸ்லைடுகளை மூடிவிட்டார். எல்லோரும் மடிக்கணினியில் ஆவணத்தைத் திறந்து பந்தி பந்தியாக வாசித்தோம். நகரங்களைச் சுற்றிக் கட்டடம் பரவாமல் காக்கும் பசுமை வளையத்துக்குள்ளேயே, முன்பு கட்டடம் இருந்த நிலமும், வளையத்தின் முக்கிய நோக்கங்களுக்குப் பெரிதாக உதவாத நிலமும் இந்த வகையில் வரலாம் என்கிறது அது. "பெரிதாக" என்பதை யார் அளப்பது என்று வகுப்பில் ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். அடுத்த நாள் அலுவலகத்தில் மூத்த அதிகாரிகள் அதே பந்தியைத் திறந்து வைத்து அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவியாக அந்தப் பேச்சில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

வேலைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சியாளருக்கு முதலில் கிடைப்பது விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை. இடத்தைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் 1:1250 அளவில், சிவப்புக் கோட்டோடு இருக்க வேண்டும். நில உரிமைச் சான்றிதழ் சரியான வகையா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வரைபடம் வாசிக்கும் கண் எனக்கு அங்கேதான் வந்தது. தரைத்தள வரைபடத்தில் ஜன்னல் இருக்கும், பக்கத் தோற்றத்தில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பழகினால் பிறகு எதையும் கண்டுபிடிக்கலாம். சில மாதங்களில் வீட்டு விண்ணப்பங்கள் தந்தார்கள். 8 கிழமைக்குள் முடிவு கொடுக்க வேண்டும். அதில் 21 நாள் அயலவர் கருத்துக்குப் போய்விடும். மிஞ்சிய நாட்களில் தெருவிளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டுவது, இடத்தைப் பார்ப்பது, கட்டடக் கலைஞரோடு பேசுவது, அறிக்கை, மூத்தவர் கையெழுத்து. இப்படிப் பல கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடும்.

2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் வீட்டு விரிவாக்க விண்ணப்பக் கட்டணம் 258 பவுணிலிருந்து 528 பவுணாகக் கூடியது. அந்த மாதம் தொலைபேசியை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கோபத்தோடு பேசுகிறவரிடம் நிதானமாகப் பேசுவதற்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் கிடையாது. எங்கள் அணியில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு அம்மாவிடம்தான் கற்றேன். முதலில் கேள், பிறகு திகதியைச் சொல், முடியாததை முடியும் என்று சொல்லாதே என்பார்.

படிப்பில் எதிர்பாராமல் கிடைத்த ஒன்றும் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் 1909, 1947 சட்டங்கள், எபனேசர் ஹோவர்டின் தோட்ட நகரங்கள் என்று போய்க்கொண்டிருந்தபோது திரையில் தஞ்சாவூர் வந்தது. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், உயிரியல் படித்தவர், 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். தஞ்சாவூர், மதுரை உட்பட சென்னை மாகாணத்தின் ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து 1915-இல் அறிக்கை கொடுத்தார். நெரிசலைக் குறைக்க வீடுகளை வரிசையாக இடித்து நேர்ரோடு போடுவதுதான் அன்றைய அதிகாரிகளின் வழக்கம். கெடிஸ் அதை எதிர்த்தார். இடிந்து விழும் நிலையில் உள்ள சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களைச் சிறு வெளிகளாக்கி, மரம் வைத்து, மிச்ச வீடுகளையும் அவற்றில் இருப்பவர்களையும் அப்படியே விடுங்கள் என்றார். முதலில் ஊரைப் படி, பிறகு திட்டம் போடு என்பது அவருடைய அடிப்படைப் பாடம். கொழும்புக்கும் 1921-இல் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். என் அப்பா கொழும்பில் வேலை பார்த்தவர். அன்று இரவு அவரிடம் இதைச் சொன்னபோது அவர் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார், எந்த ரோட்டில் வெள்ளம் நிற்கும், எதில் நிற்காது என்று. கெடிஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பல்கலைக்கழக அட்டை இருந்தால் டிஜிமேப் என்ற இணையத் தொகுப்பில் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களையும் பார்க்கலாம். எந்த ஒரு தளத்துக்குப் போகும் முன்னும் அந்த இடம் நூறு வருடத்துக்கு முன் என்னவாக இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். பழைய செங்கல் சூளை, வாய்க்கால், புகையிரத இணைப்புப் பாதை எல்லாம் வெளிவரும். புவியியல் தகவல் பாடம் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் நடந்தது. நன்றாக இருந்தது. வடிவமைப்புப் பாடம் சுமார். லெட்ச்வொர்த்துக்கு ஒரு நாள் பயணம் கூட்டிப் போனார்கள், 1903-இல் தொடங்கிய முதல் தோட்ட நகரம். புத்தகத்தில் வாசித்த அகலத் தெருக்களில் நடப்பது இனிமையாகத்தான் இருந்தது.

சரி, இனி எங்கள் ஆட்களைப் பற்றி. நீங்கள் கவுன்சிலில் பிளானிங்கில் வேலை என்று கோயிலில் ஒருவரிடம் சொன்னால் போதும். "பிள்ளை, பின்னுக்கு ஒரு அறை போடலாமோ? ஒருக்கா வந்து பாருமன்" என்று அடுத்த ஞாயிறே கேட்பார்கள். இந்தக் கேள்விகள் எனக்குச் சுமையாகத் தெரிந்ததே இல்லை. ஹரோ, வெம்ப்லி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கங்களில் எங்கள் குடும்பங்கள் அம்மா அப்பாவோடு, வளர்ந்த பிள்ளைகளோடு, ஊரிலிருந்து வந்த சொந்தங்களோடு மூன்று அறை வீடுகளில் வசிக்கிறார்கள். இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. ஆனால் தொழில் ஒழுக்க விதி தெளிவானது: தெரிந்தவர் விண்ணப்பம் எங்கள் கவுன்சிலுக்கு வந்தால் நான் அதை அறிவித்துவிட்டு ஒதுங்க வேண்டும். "மாமா, உங்கட கோப்பை நான் தொடக் கூடாது, ஆனா பொதுவான விதியைச் சொல்லுவன்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பொது விதிகளை இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

இங்கிலாந்தில் ஒட்டிய வீடுகளுக்குப் பின்பக்கம் 3 மீட்டர் வரைக்கும், தனி வீடுகளுக்கு 4 மீட்டர் வரைக்கும் ஒரு மாடி விரிவாக்கம், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், விண்ணப்பம் இல்லாமலே கட்டலாம். அயலவருக்கு அறிவித்து 42 நாள் நடைமுறையில் போனால் அது 6 மீட்டரும் 8 மீட்டரும் ஆகலாம். கூரைக்குள் அறை என்றால் வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் போடும் தோட்டக் கட்டடம் 2.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பழமையைப் பேணுவதற்கென்று அறிவித்த பாதுகாப்புப் பகுதிகளில் இவை மாறும், தொடர்மாடி வீடுகளுக்கு இந்த உரிமைகள் கிடையாது. அப்புறம் மிக முக்கியமானது: தோட்டக் கட்டடத்தில் ஒருவரைத் தனிக் குடியாக இருத்தினால் இந்த விலக்குப் பொருந்தாது. அனுமதி இல்லாமல் கட்டினாலும் "நாலு வருசம் கடந்தால் ஒண்டும் செய்ய மாட்டினம்" என்று இன்னமும் பலர் சொல்லுகிறார்கள். 2024 ஏப்ரல் 25-ஆம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் அது 10 வருடம். அந்தத் திகதிக்கு முன் கட்டி முடித்தவற்றுக்கும் தனி வீடாக மாற்றியவற்றுக்கும் மட்டும் பழைய 4 வருடக் கணக்கு. இதைத் தெரியாமல் பணத்தைக் கொட்டிய குடும்பங்களின் கோப்புகளைப் பார்க்கும்போது, யாராவது அவர்கள் மொழியில் முன்னரே சொல்லியிருக்கலாமே என்று மனம் பாரமாகிறது. இந்தத் தொழிலில் தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். என் ஆய்வுக்கட்டுரையும் இதை ஒட்டியதே. பழைய தேவாலயங்களும் பண்டகசாலைகளும் சைவக் கோயில்களாக மாறும்போது அனுமதி நடைமுறையில் கோயில் நிர்வாகிகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நேர்காணல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய குறை, பகுதிநேர மாணவர்களை முழுநேர வகுப்பில் ஒட்டவைத்த கூட்டமாக நடத்தியது. முதல் வருடம் வியாழன், இரண்டாம் வருடம் செவ்வாய் என்று மாற்றினார்கள். கால அட்டவணை வந்தது தவணை தொடங்கும் தறுவாயில். என் அலுவலகத்தில் செவ்வாய் என்பது கோப்புகளைப் பங்கிடும் கூட்டம் நடக்கும் நாள். மேலாளர் அந்தக் கூட்டத்தைத் திங்களுக்கு மாற்றித் தந்தார், அது அவருடைய பெருந்தன்மை. எல்லா இடத்திலும் அப்படிக் கிடைக்காது. கூட்டுப் பணிகள் அதைவிட மோசம். நாலு முழுநேர மாணவர்கள், ஒரு பகுதிநேர மாணவி. அவர்கள் புதன் மத்தியானம் சந்திப்பார்கள், நான் அந்த நேரம் யாரோ ஒருவரின் வீட்டு வளவில் அளவு நாடாவோடு நிற்பேன். மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் என் பங்கை இரவில் எழுதி அனுப்பிவிட்டு, எடுத்த முடிவுகளை அடுத்த நாள் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பகுதிநேரக்காரர்களை ஒரே குழுவில் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அடுத்த வருடத்திலிருந்து செய்வதாகச் சொன்னார்கள்.

வளர்ச்சித் திட்டங்களின் நிதிக் கணக்குப் பாடமும் ஏமாற்றம். கட்டுபவர் "இவ்வளவு மலிவு வீடு தந்தால் எனக்குக் கட்டுபடியாகாது" என்று கொண்டுவரும் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத திட்டமிடலாளர் பேச்சுவார்த்தையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். லண்டனில் மலிவு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. அதற்கு இரண்டே வகுப்பு. நிலத்தின் மதிப்பை எப்படி வைத்தார்கள், லாப வீதம் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்கவேண்டிய கேள்விகளை நான் அலுவலகத்தில்தான் கற்றேன்.

வேலைப் பக்கக் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. படிப்பு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். "ஒரு சின்ன மின்னஞ்சல்தான்", "ஒரு அழைப்புத்தான்" என்று வரும். எனக்கு நல்ல மேலாளர், வகுப்பு நாளில் என் கணக்கில் தானியங்கிப் பதில் போடச் சொல்லி, அணிக்கும் எழுதிவிட்டார். இன்னொரு கவுன்சிலில் இருக்கும் என் வகுப்புத் தோழிக்கு அது கிடைக்கவில்லை. அவள் விரிவுரை நடக்கும்போதே மேசைக்கடியில் கவுன்சிலர்கள் குழுவுக்கான அலுவலக அறிக்கையைத் திருத்திக்கொண்டிருப்பாள். முதல் வருட முடிவில் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டாள். எங்கள் வகுப்பிலேயே கட்டடங்களை மிகக் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள். அவளைப் போல ஒருவர் வெளியேறுவது அந்தக் கவுன்சிலுக்கும் நட்டம், அந்த ஊருக்கும் நட்டம். இதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

பணம். என் கட்டணத்தைக் கவுன்சில் கட்டுகிறது. பதிலுக்கு, படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு நிபந்தனை பல இடங்களில் இருக்கிறது, நியாயமானதே. ஆனால் எத்தனை வீதம், எந்த மாதத்திலிருந்து குறையும் என்று எழுத்தில் இருக்கட்டும். வேலை தருபவர் கட்டணத்தைக் கட்டாவிட்டால் அரச முதுகலைக் கடன் உண்டு. 2025/26-இல் தொடங்கியவர்களுக்கு உச்சம் 12,858 பவுண். வருட வருமானம் 21,000 பவுணைத் தாண்டிய பகுதியில் 6 சதவீதம் திருப்பிக் கட்ட வேண்டும். லண்டனில் பல பாடநெறிகளுக்கு அது முழுக் கட்டணத்துக்குப் போதாது. பட்டயத் திட்டமிடலாளர் (தொழில் அமைப்பு முழுத் தகுதி தந்தவர்) பட்டப் பயிற்சி என்று ஏழாம் நிலையில், அதாவது முதுகலை நிலையில், இன்னொரு வழியும் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அந்த நிலைக்கான அரச நிதி பெரும்பாலும் 16 முதல் 21 வயது வரைக்குள் தொடங்குகிறவர்களுக்கு மட்டும்தான். என்னைப் போல முதல் பட்டம் முடித்து, சில வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கதவு சாத்திவிட்டது. மிகத் தவறான முடிவு என்பது என் கருத்து. திட்டமிடலாளர் பற்றாக்குறை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, வருவதற்கு ஆயத்தமாக இருப்பவர்களை வயது பார்த்து மறிப்பதில் என்ன நியாயம்?

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வர நினைக்கிறவர்களுக்கு: இந்த நான்கு நாள் வேலை முறை உங்களுக்குப் பொருந்தாது. தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. முழுநேரப் பாடநெறியைப் பாருங்கள்.

சேருமுன் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை: பாடநெறிக்கு ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிட்யூட்டின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதலாவது. 1914-இல் தொடங்கிய, திட்டமிடலாளர்களின் தொழில் அமைப்பு அது. அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு பட்டயத் தகுதிக்குப் போவது நெடிய வழி. அங்கீகாரம் உள்ள பாடநெறி மாணவர்களுக்கு உறுப்புரிமை இலவசம், முதல் கிழமையே சேர்ந்துவிடுங்கள். இரண்டு வருடமும் வகுப்பு எந்த நாள் என்று கேளுங்கள். "பெரும்பாலும் வியாழன்" என்றால் அதை நம்பி வேலையில் நாள் குறிக்க வேண்டாம். வேலை தருபவரிடம் கேட்க வேண்டியது, படிப்பு நாளில் என் கோப்புகளை யார் பார்ப்பார்கள் என்பது. பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்ல இடம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால், அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு பத்து நிமிடம் தனியே பேசிவிட்டு முடிவெடுங்கள். வீட்டு விண்ணப்பங்கள் எவ்வளவு காலத்தில் கையில் தருவார்கள், கவுன்சிலர்கள் குழுக் கூட்டத்தில் பேச விடுவார்களா, கொள்கை அணியிலும் சில மாதம் இருத்துவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கொள்கை அணியில் மூன்று மாதம் கிடைத்தது. பட்டயத் தகுதிக்கு எழுதும்போது அந்த அனுபவம் கைகொடுக்கும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

வாசிக்க எதுவும் வாங்க வேண்டாம். கவுன்சில்களின் முடிவுகளுக்கு எதிரான மேன்முறையீடுகளை விசாரிக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டின் முடிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, நீங்கள் நடந்து பார்த்த தெரு ஒன்றின் முடிவை எடுங்கள். இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்தார், எந்தக் கொள்கையைப் பிடித்தார், எந்த வசனத்தில் முடிவுக்கு வந்தார் என்று நாலு பக்கத்துக்குள் இருக்கும். விண்ணப்பிக்கலாமா என்று இன்னமும் யோசிப்பவர்கள் அப்படிப் பத்து முடிவுகளை வாசியுங்கள். பத்தாவதை வாசிக்கும்போதும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பத்தை அனுப்புங்கள். கவுன்சில்கள் பயிற்சி இடங்களைத் தங்கள் சொந்த இணையதளங்களில்தான் முதலில் போடுகின்றன, செப்டம்பர் வகுப்புக்கு வசந்த காலத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள்.